இரண்டு இரவு பாக்கி

பட்டி வலையை ஊன்றி முடித்தபோது
நெய்வேலிப் பக்கம் வானம் வெளிறிக் கிடந்தது.
அங்கே எப்போதும் அப்படித்தான், விடியல் என்று நம்பக் கூடாது.
சேத்தியாத்தோப்பிலிருந்து உள்ளே தள்ளி
சபாநாயகம் வயலில் நான்கு இரவுக் கிடை.
முன்பணம் வாங்கியாயிற்று. அது
பாதி டீசலாகவும் பாதி தவிடாகவும் போயுமாயிற்று.

நேற்று ஒன்று செத்தது.
பூச்சி தொட்டிருக்கும் என்றான் கொளஞ்சி.
பல் பட்ட இடம் தேடி
மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தோம்.
வயிற்றில் இரண்டு குட்டி.
வாய்க்கால் மேட்டில் மூன்றுக்கும் ஒரே குழி.

இன்று கிழிகாதி.
தள்ளாடி நடந்தவள் நின்று
யாருடையதோ என்பதுபோல் தன் பின்னங்காலைப் பார்த்தாள்.
உட்கார்ந்தாள்.
கழுத்து வளைந்து தலை விலாவில் சாய்ந்தது.
காது சில்லிட்டு, மூக்கு காய்ந்து.
டார்ச் அடித்தேன். கண்மணி சுருங்கவில்லை,
வெளிச்சம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

மெர்லின் டாக்டரம்மா போனை எடுத்தபோது
மணி பதினொன்றேகால். பின்னால் ஒரு குழந்தை இருமியது.
சினை எத்தனை மாசம்?
நாலு தாண்டிடுச்சு.
ஒத்தையா, ரெட்டையா?
வயிறு ரெட்டைன்னுதான் சொல்லுது.
என்ன மேஞ்சுது?
டார்ச்சைத் தரைப்பக்கம் திருப்பினேன்.
மாசியில் பெய்யாத மழை பெய்ததே, அதில்
தாளடி அறுத்த வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே
கால் காணி முழுக்கச் சாரணை.
சிவந்த தண்டு, சதைப்பிடித்த இலை.
பாதி மொட்டையடித்திருந்தது.
சாரணை என்றேன்.
அந்தப் பக்கம் சற்று நேரம் இருமல் மட்டும் கேட்டது.

பாம்பு இல்ல. சுண்ணாம்புச் சத்து.
குட்டிங்க எலும்பு கட்டுது,
வர்றதையும் சாரணை புடிச்சு வச்சுக்குது,
அதுகிட்ட மிச்சம் ஒண்ணும் இல்ல.
போன தடவை ஒரு பாட்டில் குடுத்தேனே?

இருந்தது. அரிசி டப்பாவுக்கும் உரச்சாக்குக்கும் நடுவில்
தேதி முடிய இன்னும் ஒரு மாதத்தோடு.

குளிர்ந்த மருந்து ஆகாதாம், உடம்புச் சூடு வேண்டுமாம்.
அடுப்பு எப்போதோ அணைந்துவிட்டது.
ரவிக்கைக்குள் சொருகிக்கொண்டு
இருபது நிமிடம் அசையாமல் இருந்தேன்.
கொளஞ்சி சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

தோலைக் கூடாரமாகத் தூக்கிப் பிடித்து
விலாவின் இரு பக்கமும் நான்காகப் பிரித்துப் போட்டேன்.
எலுமிச்சை அளவில் எழும்பிய நான்கையும்
தேய்க்கத் தேய்க்க
ஒவ்வொன்றாக அவளுக்குள் கரைந்தன.

ஒன்றும் நடக்கவில்லை.
கொசு. தவளை.
மண்வெட்டி எங்கே என்று கொளஞ்சி
வாய்விட்டுக் கேட்காமல் தேடினான்.

பிறகு தோள்சதை துடித்தது,
மாடு ஈயை உதறுமே, அப்படி.
ஒரு ஏப்பம்.
பிறகு புழுக்கை. பொலபொலவென்று.
இவ்வளவு சந்தோஷமாக நான் புழுக்கை எண்ணியதே இல்லை.
முன்முட்டியை ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கினாள்,
நின்றாள்,
மூத்திரம் பெய்தாள்,
நேராகப் போய்ச்
சாரணையில் வாய் வைத்தாள்.
அடி சண்டாளி.

மந்தையில் இன்னும் பதினேழு சினை.

விடிந்து சபாநாயகம் ஸ்கூட்டியில் வந்தபோது
வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.
நாலு ராத்திரின்னுதானே பேச்சு என்றார்.
சாரணை, சினை, சுண்ணாம்பு என்று சொல்லிப் பார்த்தேன்.
வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பா?
அவர் விரல்நுனியில் அது வெள்ளையாக ஒட்டியிருந்தது.
அடுத்த அறுப்புக்கு ரெண்டு ராத்திரி சேத்துக் கட்டுறோம்,
எழுதிக்குங்க.
சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதினார்.
பாக்கி என்ற சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு.

பட்டினி போடாதே, அலைய விடாதே என்றிருந்தார் டாக்டரம்மா.
அதனால் மற்றதெல்லாம் மேய்ந்தபடி மெல்ல நடக்க
கிழிகாதி மட்டும் குட்டியானையில்,
சட்டிபானைகளுக்கு நடுவே ராணிபோல.
ஓடைப்பாலம் தாண்டும்போது
தாடை அசைந்தது. அசை போடுகிறாள்.
எதை?
வாயைப் பிளந்து பார்த்தேன்.
பல்லிடுக்கில் ஒரு சிவந்த தண்டு.